மூண்டாவது மரகதம்

இல்லை சிவரூபி, நீங்கள் சொல்லுறது எனக்கு நல்லா விளங்குது. நான் மறுக்கேல்ல. ஆனா புத்தகப் பார்சலைக் கட்டி, முடிச்சும் போட்டு, கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்போறன் எண்டு கதவடியில வைக்கிறதுக்கு முதல், அதுக்காகக் காத்துக்கொண்டிருந்த ஆளை ஒருக்காக் கேட்டிருக்கலாம். ஆவணியிலயே சொல்லி வைச்சவள் நான். கடைக்காரி நீங்கள்தான், சரி. அதுக்காக ஊர் எதை வாசிக்கோணும் எண்டும் நீங்களே முடிவெடுக்கிறதே?

இருக்கிறன், இருக்கிறன். அந்தக் கதிரை வேண்டாம், இந்த ஸ்டூல் காணும். குடையை வெளியில வைச்சா வீதியில திரியிற அந்த மான் மிதிச்சுப்போடும், உள்ளுக்க வைக்கட்டே? பாருங்கோ, படியில ஏறி நிண்டு உங்கட போட்டோக்கொப்பி மெசினைப் பாத்துக்கொண்டு நிக்குது. கழிவுக் கடுதாசியைப் போட்டுப் பழக்கினது நீங்கள்தான் எண்டு நினைக்கிறன். நிக்கட்டும், மழைக்கு எங்க போறது பாவம்.

நான் வந்தது ரெண்டு அலுவலுக்கு. முதலாவது உந்த மரகதம் கொமிக்ஸ் புத்தகம். மற்றது பேந்து சொல்லுறன், அவசரம் இல்லை.

சரி, இப்ப ஆறுதலாச் சொல்லுங்கோ. என்ன குறை? கப்டன் மரகதத்துக்குக் கண்ணாடி போட்டிட்டினம். ஓம், கண்டனான், அட்டைப்படத்திலயே தெரியுது. தலை நரைச்சுப்போச்சு. முழங்கால் நோவு வேற, கப்பல் ஏணியில பாதியில நிண்டு மூச்சு வாங்குறா. வேற? பாதை தெரியாமல் ஒரு மீன்காரனிட்ட வழி கேக்கிறா. ம். இவ்வளவும்தானே உங்கட குற்றப்பத்திரிகை?

சிவரூபி, நாங்கள் பாவாடை சட்டை போட்ட காலத்தில இருந்து அந்த மனுசி ஒரு சரக்குக் கப்பலை ஓட்டிக்கொண்டு திரியிறா. இறங்கின துறைமுகத்தில எல்லாம் கள்ளக்கடத்தல்காரரைத் துரத்திப் பிடிச்சிருக்கிறா. எத்தினை தரம் கடலுக்குள்ள குதிச்சிருப்பா. அவவுக்கு முழங்கால் நோகாமல் வேற ஆருக்கு நோகும்? எனக்கு இன்னும் அம்பது ஆகேல்ல, நான் உவர்மலை ஏற்றத்தில சைக்கிளை இறங்கி உருட்டுறன். என்னையும் போலி எண்டு கொழும்புக்குத் திருப்பி அனுப்புவீங்களே?

சிரிச்சிட்டீங்கள். நல்லது.

மரகதத்தை வைச்சு எடுத்த சினிமாப் படத்தைப் பற்றி நீங்கள் கோவிக்கிறது வேற. அதில நான் உங்கட கட்சி. நீங்கள் இடைவேளையோட எழும்பிப் போட்டீங்களாம், நான் கடைசி மட்டும் இருந்தனான். ஒண்டைப் பிழை எண்டு சொல்லுறதெண்டால் முழுக்கப் பாத்திட்டுச் சொல்லோணும், அது என்ர கொள்கை. நடிச்ச பிள்ளையில ஒரு குறையும் சொல்லமாட்டன். நல்ல பிள்ளை, முகத்தில களை இருக்கு, குரலும் நல்லம். ஆனா அவவுக்குப் பழைய மரகதத்தின்ர தொப்பியைக் கவிட்டு, பழைய மரகதம் மாதிரி இடப்பக்கப் புருவத்தைத் தூக்கச் சொல்லி, கையைப் பின்னுக்குக் கட்டி நிக்கச் சொல்லிப்போட்டினம். பாவம் அந்தப் பிள்ளை, படம் முழுக்கத் தன்ர புருவத்தையே கவனிச்சுக்கொண்டு நிக்கிறா. ஒருத்தன் கத்தியோட பின்னால வாறான், அதைக் கவனிக்க அவவுக்கு நேரமில்லை.

மற்றது, மரகதத்தின்ர கோவத்துக்குக் காரணம் ஒண்டு கண்டுபிடிச்சினமே. தகப்பன் கடலில செத்துப்போனாராம், சின்னப்பிள்ளை கரையில நிண்டு அழுததாம், அதிலயிருந்து சிரிப்பில்லையாம். மரகதம் ஏன் கோவக்காரி எண்டு நாங்கள் ஆரும் எண்டைக்காவது கேட்டனாங்களே? சில ஆக்கள் காலமை எழும்பேக்கையே கோவத்தோடதான் எழும்புவினம். எங்கட நில அளவைக் கந்தோரில வந்து பாருங்கோ, காரணத்தோட ஒருத்தரும் இல்லை.

கடைசிச் சண்டையிலயும் ஒரு பிழை. அந்தக் கப்பலை ஒரே வெட்டில கரைக்குத் திருப்பினவ எல்லே, அது நடக்கவே நடக்காதாம். அந்த அளவுக் கப்பலைத் திருப்ப இழுவைப் படகு ரெண்டு வேணுமாம், அப்பவும் கொஞ்சம் பிசகினால் தரை தட்டுமாம். ஆர் சொன்னதோ? வேற ஆர், உங்கட அத்தான் இராகுலன்தான். இந்தத் துறைமுகத்தில இழுவைப் படகு ஓட்டுற மனுசன் சொன்னால் சரியாத்தானே இருக்கும்.

எங்கயோ கண்டு கதைக்கேக்க சொன்னவர். ஓம், இராகுலன் படம் பாக்கிற ஆள் இல்லைத்தான். இதைப் பாத்தவர் போல கிடக்கு.

நீங்கள் எங்கட வட்சப் குழுவில இல்லை, இருந்திருந்தால் இன்னும் பகிடி பாத்திருப்பீங்கள். மரகதம் வாசகர் எண்டு ஒரு குழு. தோப்பூரில இருந்து அப்ராஸ் எண்டு ஒருத்தர், நெல்லு மில் வைச்சிருக்கிறவர், அந்தக் கண்ணாடியைக் கண்ட அண்டைக்கே குழுவை விட்டு வெளியேறிப்போட்டார். ஒரு முழு நீளக் கண்டன அறிக்கை எழுதிப்போட்டுத்தான் போனவர். அடுத்த நாள் ஆரோ முதல் அத்தியாயத்தைப் படம் பிடிச்சுப் போட்டிட்டினம் எண்டு கேள்விப்பட்டுத் திரும்பிச் சேந்திட்டார். வாசிச்சுப்போட்டுத் திரும்ப வெளியேறினார். இப்ப உள்ளுக்க நிக்கிறார். வாயே திறக்கிறேல்ல, ஆனா புதுப் பக்கம் ஆரும் போட்டால் முதல் பாக்கிறது அவர்தான்.

இல்லை, உங்களை அவரோட ஒப்பிடேல்ல. அவராவது வாசிச்சுப்போட்டுக் கோவிக்கிறார்.

நான் என்ன சொல்லவாறன் எண்டால், நீங்கள் படத்தையும் புத்தகத்தையும் ஒரே சாக்குக்குள்ள போடுறீங்கள். அது நியாயம் இல்லை. நான் நில அளவைக் கந்தோரில இவ்வளவு காலமாக் கோடு கீறுறவள், எனக்கு இது வடிவாத் தெரியும். பழைய வரைபடத்துக்கு மேல மெல்லிய தாளை வைச்சு அப்பிடியே இழுத்தால், அளவு சரியா வரும், ஆனா கோடு செத்திருக்கும். கை பயந்து பயந்து போன மாதிரி இருக்கும். அதே காணிக்கு நீங்களே இறங்கிப்போய் அளந்து கீறினால், கோடு வேற மாதிரி இருக்கும், எல்லைக்கல்லு மட்டும் அதே இடத்தில இருக்கும். படக்காரர் தாளை வைச்சு இழுத்தவை. இந்தப் புத்தகம் கீறின பிள்ளை இறங்கிப்போய் அளந்திருக்கிறா.

பார்சலைப் பிரியுங்கோ, ஒரு பக்கம் காட்டுறன். பாத்த பிறகும் அனுப்பத்தான் வேணும் எண்டால் நானே திருப்பிக் கட்டித் தாறன். கட்டுறதில நான் வலு நேர்த்தி.

கத்தரிக்கோல் வேண்டாம், அந்த முடிச்சு இழுத்தால் வரும். ம். இனி நடுவுக்குக் கிட்டப் பிரட்டுங்கோ. இன்னும் கொஞ்சம். இதுதான். கப்பல் குசினி. புயலுக்குப் பிறகு எல்லாரும் இருந்து சாப்பிடுகினம். மரகதம் எங்க நிக்கிறா? கதவு நிலையில சாஞ்சுகொண்டு, கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறா. கடைசி ஆள் சாப்பிட்டு முடியிற மட்டும் தன்ர கோப்பையில கை வைக்கேல்ல. ஒரு சொல்லு எழுதேல்ல, பாத்தீங்களே? கீழ ஒரு விளக்கமும் இல்லை. முதல் வந்த கதையில இருந்து அவ அப்பிடித்தான். தொப்பி போச்சு, புருவம் போச்சு, அந்தப் பிள்ளை இதை மட்டும் விடாமல் வைச்சிருக்கிறா. இது அதே மனுசி எண்டு சொல்ல எனக்கு இது காணும்.

வாசியுங்கோ, நான் பேசாமல் இருக்கிறன்.

என்ன? வாசிக்காத புத்தகத்தில பக்கம் எப்பிடித் தெரியும் எண்டோ?

பிடிச்சிட்டீங்கள். சரி. போன கிழமை கொழும்பால வந்த ஒரு ஆள் எனக்கு ஒண்டு கொண்டந்து தந்தவர். ஆர் எண்டது இப்ப முக்கியம் இல்லை. லக்சனாவும் வாசிச்சவ, அவவுக்கு நல்லாப் பிடிச்சிருக்காம். ஓம், உங்கட அக்காவின்ர மகள், உங்கட பெறாமகள் லக்சனாதான். வேற எந்த லக்சனா? பத்து வயசுப் பிள்ளை, அதுக்குக் கண்ணாடி ஒரு பிரச்சினையாத் தெரியேல்ல. அதின்ர கேள்வியெல்லாம், அந்த மீன்காரன் சரியான வழி சொன்னானோ, இல்லை பேய்க்காட்டினானோ எண்டுறதுதான்.

உங்களுக்கு ஏன் சொல்லேல்ல எண்டு நான் என்னெண்டு சொல்லுறது? சித்தி இந்தப் புத்தகத்தைத் கூட்டுற தும்புத்தடியால தள்ளிக்கொண்டு போறதைக் கண்ட பிள்ளை வந்து சொல்லுமே?

சரி, நான் உங்களை ஒண்டு கேக்கட்டே? நீங்கள் அசல் அசல் எண்டு சொல்லுறது எந்த மரகதத்தை? பின்னல் போட்ட, கன்னம் உப்பின, கொஞ்சம் கண்ணால சிரிக்கிற மரகதம். அதுதானே? சிவரூபி, அவ ரெண்டாவது. முதல் கீறின மனுசன் விட்டிட்டுப் போக, வேற ஒரு ஆள் வந்து கீறின மரகதம் அவ.

உங்களுக்குத் தெரியாதெண்டு நான் சொல்லேல்ல. தெரிஞ்சும் நினைவில வைச்சிருக்க விருப்பமில்லை. தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில சண்டையால பாதை பூட்டிக் கிடக்க, இந்தியாவில இருந்து வந்த கொமிக்ஸ் கட்டெல்லாம் கொழும்பில ஒரு களஞ்சியத்தில ஒண்டுக்கு மேல ஒண்டாத் தேங்கிப்போச்சு. பாதை திறந்த உடன மேல கிடந்ததை முதல் அனுப்பினவங்கள், அடியில கிடந்தது பிறகுதான் வந்தது. அப்ப திருக்கோணமலைப் பிள்ளையளுக்கு ரெண்டாவது மரகதம் முதல் வந்திட்டா. நாங்கள் எல்லாம் அவவில உயிரா இருக்கேக்கதான், அடுத்த வருசம் முதலாவது வந்து இறங்கிறா. நீட்டு மூக்கு, எலும்பும் தோலும், ஒரு சிரிப்புக் கிடையாது. ஊர்ப் பெட்டையள் எல்லாம் எழும்பிட்டினம். ஆர் இந்தக் கிழவி, எங்கட மரகதத்தைக் கெடுத்துப்போட்டாங்கள் எண்டு ஒரே கத்தல்.

தபால் அட்டை எழுதினது ஆர்? உங்கட அக்கா. அசல் மரகதத்தைத் திருப்பி அனுப்புங்கோ, இந்தப் போலி மரகதம் எங்கட ஊருக்குத் தேவையில்லை எண்டு, பதிப்பகத்துக்கே எழுதினவ. அசலுக்குத்தான் போலி எண்டு பேர் வைச்சவ. முத்திரையை நக்கி ஒட்டினது தங்கச்சியாம், சரியே? உங்கட அக்கா பிரசாந்தினி இந்த மேசைக்குப் பின்னால நிண்டுதான் எனக்கு இதைச் சொன்னவ. சொல்லி முடிக்கேலாமல் சிரிச்சவ. அந்தப் பதிப்பகத்துக்காரர் அட்டையை எத்தினை தரம் திருப்பித் திருப்பி வாசிச்சிருப்பினம் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ.

ஓம். எனக்கும் இஞ்ச வரேக்கையெல்லாம் முதல் அவவின்ர குரல்தான் கேக்கிற மாதிரி இருக்கும். இந்தாங்கோ லேஞ்சி, கண்ணைத் துடையுங்கோ. சுத்தமானது.

பிறகு என்ன நடந்தது எண்டதும் உங்களுக்குத் தெரியும். அந்த நீட்டு மூக்கு மரகதமும் மெல்ல மெல்லப் பழகிப்போச்சு. ரெண்டு பேரையும் வாசிச்சனாங்கள். பின்னல்காரியை ஒருத்தரும் தூக்கி எறியேல்ல, நீட்டு மூக்குக்காரியும் அவவின்ர இடத்தைப் பிடிக்கேல்ல. அவவுக்கு அவவின்ர அலுமாரித் தட்டு, இவவுக்கு இவவின்ர தட்டு.

இல்லை, நான் கொமிக்ஸைப் பற்றித்தான் கதைக்கிறன். நீங்கள் ஏன் என்னை அப்பிடிப் பாக்கிறீங்கள்?

அக்காவின்ர ஆட்டத்திவசத்தில, அந்த முதல் வருச நினைவு நாளில, நடந்த கதையை இப்ப எடுத்தது நீங்கள், நான் இல்லை. எடுத்தபடியால் சொல்லுறன். உங்கட ஆக்கள் செய்தது எனக்கும் பிடிக்கேல்ல. அக்கா போன இடத்துக்குத் தங்கச்சி எண்டுறது எங்கட சனத்துக்கு ஒரு வழக்கம், சரி. ஆனா ஆரையும் கேக்கிறேல்ல. ரெண்டு பெரியாக்கள் ஒரு தட்டத்தில வெத்திலை பாக்கோட வந்து இருந்து, முடிவை வாசிச்சுக் காட்டுவினம். படக்காரராவது அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, புருவம் தூக்க ஏலுமோ எண்டு கேட்டிருப்பினம். நீங்கள் சொன்ன மறுமொழி இண்டைக்கும் ஊரில உலாவுது. அத்தான் எனக்கு அத்தான்தான், என்னை அக்காவா மாத்த ஒருத்தராலயும் ஏலாது, தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போங்கோ எண்டு. நான் அதைக் கேள்விப்பட்ட அண்டைக்கு மனசுக்குள்ள கை தட்டினனான். அது கேட்டு உங்கட அத்தானும் கன நாளைக்குப் பிறகு நிம்மதியா நித்திரை கொண்டவராம்.

ஓம், அதையும் அவர்தான் சொன்னவர். என்ன சிவரூபி, ஒரு மனுசன் பத்து விசயம் கதைச்சால் அதில ரெண்டு மூண்டு எனக்கும் சொல்லியிருக்கலாம்தானே.

எங்க வைச்சோ? சில நேரம் கந்தோர் வாசலில. சில நேரம் டச்சு பே கடற்கரையில, லக்சனா சைக்கிள் ஓடிப் பழகேக்க. படம் பாக்கேக்கையும் பக்கத்துக் கதிரையிலதான் இருந்தவர். அதில ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, நடுவில லக்சனா இருந்தவ. கப்பல் திரும்பேக்க அந்த மனுசன் எழும்பி நிண்டு ஐயோ தரை தட்டப்போகுது எண்டு சொல்லி, பின்னால இருந்த ஆக்கள் பேசி இருத்தினவை.

சரி, நான் வெளிக்கிடோணும். இந்த மழை விடாது போல. அஞ்சு பேர் இந்தப் புத்தகத்துக்குச் சொல்லி வைச்சிருக்கினம் எண்டு எனக்குத் தெரியும், மேசையில எடுத்து வையுங்கோ. பிடிக்காட்டி அப்ராஸ் மாதிரிக் கண்டன அறிக்கை ஒண்டு எழுதிப் பக்கத்தில ஒட்டுங்கோ. இன்னும் கூட விக்கும்.

மற்ற அலுவலோ? ஓ, அது. பெரிசா ஒண்டும் இல்லை. இராகுலன் என்னைக் கலியாணம் கட்டக் கேட்டவர். நான் இன்னும் ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. சிவரூபியைக் கேக்காமல் ஒரு சொல்லும் சொல்லமாட்டன் எண்டிட்டன். அப்ப நீங்களே போய்க் கேளுங்கோ எண்டு அவரிட்டச் சொன்னன், அது தன்னால ஏலாதாம்.

இருங்கோ, நான் முடிக்கிறன். நீங்கள் வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். அதுக்கு நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. நான் அழமாட்டன், உங்களோட கோவிக்கவும் மாட்டன். கொஞ்ச நாளைக்கு இந்த வீதியால வராமல் விடுவன், அவ்வளவுதான். கன நாளாகவும் இருக்கலாம், அதை நான் இப்பச் சொல்லேலாது. அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் இந்தக் கடையில இருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறவர். உங்களுக்கு அந்தப் பிள்ளை எப்பிடி எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் முகத்தைத் திருப்பிற ஒரு வீட்டில நான் போய் இருக்கமாட்டன். அதுதான் நான் கேக்க வந்தது.

நேத்து லக்சனா என்னைக் கேட்டவ, நான் உங்களை என்னெண்டு கூப்பிடுறது எண்டு. அது எனக்குத் தெரியாது பிள்ளை, உன்ர சித்தி என்ன சொல்லுறாவோ அப்பிடிக் கூப்பிடு எண்டு சொன்னனான். இண்டைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து உங்களைத்தான் கேக்கும். அதுதான் நான் முந்திக்கொண்டு வந்தனான்.

எங்க பாக்கிறீங்கள்? ஓம், அது அவர்தான். வீதிக்கு அங்கால, முன் கடைத் தாழ்வாரத்தில, ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாமல். நான் உள்ளுக்க வந்த நேரத்தில இருந்து அப்பிடியே நிக்கிறார். ஊரைவிடப் பெரிய எண்ணெய்க் கப்பலையெல்லாம் கட்டி இழுக்கிற மனுசனுக்கு மச்சாளின்ர கடைப் படி ஏறப் பயம். அந்தப் பக்கத்துக் கூரை ஒழுகும் எண்டும் நான் சொன்னனான், கேக்கேல்ல. உள்ளுக்க வரச் சொல்லட்டே?

கொஞ்ச நேரம் நனையட்டும் எண்டோ?

சரி. எவ்வளவு நேரம் எண்டு சொல்லுங்கோ, நான் அவருக்குக் கையால காட்டுறன்.